ஐடி எண்ணின் முன் சுழியம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சங்க இளைஞர் முகாமுக்கு வெப்சைட்டில் பெயர் பதியும் படிவம். பெரியவர்கள் போட்டால் சரியாகப் போகிறது. இளசுகள் போட்டால், அடையாள அட்டை (ஐடி) எண்ணின் 13 இலக்கமும் அடித்த பிறகும், "ஐடி எண் 13 இலக்கம் இருக்க வேண்டும்" என்று சிவப்பில் நிற்கிறது.

பிரவுசரை மாற்றினேன், அது சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களை (கேஷ்) அழித்தேன், பெட்டிக்கு மேலே உதவிக் குறிப்பு சேர்த்தேன், பிழைச் செய்தியையே திருத்தி எழுதினேன். ஒன்றும் பலிக்கவில்லை, நாள்கள்தான் போயின.

அப்புறம் மாட்டிக்கொண்டவர்களின் எண்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுழியத்தில் தொடங்குகின்றன! தென்னாப்பிரிக்க ஐடியின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் முதலில் வரும். ஆக 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முன்னால் 0. படிவத்தைச் சரிபார்க்கும் பழைய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஐடி எண்ணைக் கணக்குப் போடும் எண்ணாக மாற்றும்போது அந்தச் சுழியம் உதிர்ந்துவிடுகிறது. 2005இல் பிறந்த தம்பிக்கு 12 மிஞ்சியது, மார்ச் 2000இல் பிறந்த அக்காவுக்கு மூன்று சுழியமும் போய் வெறும் 10.

பெட்டியின் டைப்பை நம்பரிலிருந்து டெக்ஸ்ட்டுக்கு மாற்றி, இன்புட்மோடை நியூமெரிக் என்று வைத்தேன் (போனில் எண் பலகைதான் வரும், கவலை வேண்டாம்), ஸ்கிரிப்டில் அந்த மாற்றும் வரியை எடுத்தேன். உடனே படிவம் சரியாகப் போனது. மொபைல் எண் பெட்டியிலும் இதே கூத்து. அங்கே நீளம் பார்க்காததால் முன் 0 இல்லாமலே சேமித்து வைத்திருக்கிறது.