சறுக்கிய தொழிலை நிமிர்த்திய வழி

என் தொழில் சறுக்கியபோது நான் முதலில் திறந்தது கணக்குப் புத்தகத்தை. லாபம் காட்டும் தொழிலும் கையில் பணமில்லாமல் மூடப்படும். சரக்கு தந்தவருக்கு 15 நாளில் பணம் கட்டி, வாங்கியவரிடம் 60 நாளில் வசூலித்தால், இடையிலுள்ள 45 நாளை நம் முதல்தான் சுமக்கிறது. விற்பனை கூடக் கூட அந்தச் சுமையும் ஏறும். நன்றாக வளரும் நேரத்தில் பலர் விழுவது இதனால்தான். ஆர்டரோடு பாதி முன்பணம், பாக்கிக்கு 30 நாள் கெடு என்று வைத்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. சில வாடிக்கையாளர்கள் விலகுவார்கள். விலகட்டும்.

கைப்பணத்தை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். 6 மாதத்துக்குக் கீழே வந்தால் புதிய சோதனை வேண்டாம், செலவைக் குறையுங்கள்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். விலை, பேக்கிங், விளம்பரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன், தூசிப் பை இல்லாத வேக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே அவர் முறை. அந்தப் பொறுமையை நான் மனதார மதிக்கிறேன்.

யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். பொருளும் விற்கும் வழியும் மாறலாம், அந்த வரி மாறாதவரை.