ஊட்டி உறைபனியில் சைகஸைக் காப்பாற்றுவது எப்படி?

ஊட்டிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே ஓர் ஈந்துச் செடியைப் பறிகொடுத்தேன். பனை மாதிரி தோன்றும் சைகஸ் செடிகளில் நம் ஊர் வகை அது. கூடலூரில் நண்பர் வீட்டில் விதை போட்டு வளர்த்துத் தந்த செடி. சாயங்காலம் பச்சைப்பசேலென்று நின்றது. விடியற்காலையில் பார்த்தால் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளை. வெயில் ஏறி மணி பத்தானபோது இலைகள் வெந்நீரில் போட்ட கீரை மாதிரி கறுத்துத் துவண்டுவிட்டன. அன்றைக்கு ராத்திரி நான் அதை மூடாமல் விடவில்லை. மூடித்தான் இருந்தேன், தப்பாக மூடியிருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். நர்சரியில் 'சைகஸ்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் சைகஸ் ரெவல்யூட்டா. ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சேர்ந்தது. நன்றாக வேரூன்றிய செடி மைனஸ் 4, 5 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். நம் ஈந்து அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்ததுதான், ஆனால் கீழ்ச்சரிவுகளின் வெதுவெதுப்பான காடுகளில் வளர்வது. பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே இலை கருகிவிடும். சைகஸுக்கு உறவான, மெக்சிகோவிலிருந்து வந்த ஸாமியா செடியும் உறைபனிக்குப் பழகாதது. எந்த வகையானாலும், விரியாத புதுக் குருத்து லேசான உறைபனியிலேயே போய்விடும். அதனால் ஆவணிக்குப் பிறகு நான் யூரியாவோ சாண எருவோ போடுவதில்லை. மார்கழியில் குருத்து வரக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது இடம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் முதலில் வெளுப்பது இதனால்தான். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு மூலை இருக்கும். தொட்டியை அங்கிருந்து எடுத்து, பகல் வெயில் விழும் சுவரோரமாக, கூரைச் சரிவின் கீழே வையுங்கள். தொட்டியில் வேர் நிலத்தில் இருப்பதைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால், தொட்டியையும் சாக்கால் சுற்றிவிடுங்கள்.

எந்த ராத்திரி மூட வேண்டும்? கார்த்திகையில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், பின்னாலேயே உறைபனி வரும். காற்று அசையாமல், வானம் துடைத்து வைத்தது போல நட்சத்திரம் தெரிந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள். மேகம் கவிந்த ராத்திரியில் அவ்வளவு பயமில்லை. செய்தியில் 3 டிகிரி என்று சொன்னாலும் ஏமாற வேண்டாம். அது ஆளுயரத்தில் அளந்த கணக்கு. தரையோரம் புல்மேல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். நீளமான ஒயரில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, சென்சாரை இலை மட்டத்தில் தொங்கவிடுங்கள். இந்த வேலைக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

இனி மூடும் வேலை. நான் தப்பு செய்தது இங்கேதான். 'பனி பெய்கிறது', 'பனி விழுகிறது' என்று சொல்லிச் சொல்லியே, அது மழை மாதிரி மேலிருந்து இறங்குவதாக நினைத்துவிடுகிறோம். அப்படி நினைத்துத்தான் பாலிதீன் ஷீட்டைச் செடியின் தலையில் போட்டு, தண்டோடு சேர்த்துக் கட்டினேன். உண்மையில் உறைபனி மேலிருந்து விழுவதில்லை. பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரி திறந்த வானத்துக்குப் போய்விடுகிறது. இலையும் அப்படியே சூட்டை இழக்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரம் இலைமேலேயே உறைகிறது. ஆகவே போர்வையின் வேலை மண்ணின் சூட்டைப் பிடித்து வைப்பது. தண்டோடு கட்டினால் அந்தச் சூடு செடிக்கு வராமல் வெளியே போய்விடும். பாலிதீன் பட்ட இடத்தில் இலை இன்னும் மோசமாகக் கருகும்.

செடியைச் சுற்றி இலைநுனிக்கு வெளியே மூன்று மூங்கில் குச்சிகளை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். அதன்மேல் சணல் சாக்கையோ பழைய கம்பளியையோ கூடாரம் போல நாலாபுறமும் தரை வரை இறக்கி, ஓரங்களில் கல் வையுங்கள். துணி இலையில் படக்கூடாது, தரையில் இடைவெளி விடக்கூடாது. உள்ளே மண் காய்ந்திருந்தால் காலையிலேயே லேசாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் சூட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் உச்சிக் குருத்தில் தண்ணீர் தேங்கவே கூடாது. குளிரில் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ரொம்பக் குளிரும் நாளில் ஈந்துவின் கூடாரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சாக்கில் படாமல் எரியவிடுவேன். எல்.இ.டி. பல்பில் இதற்குத் தேவையான சூடு வராது.

தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளால் பூச்செடிகளை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் செடிகளுக்கு அருமையான முறை. ஆள் உயரத்துக்கு வளர்ந்த சைகஸுக்குக் கூடாரம் போட முடியாது. அதற்கு ஜப்பானியர் வழி நல்லது. கியோட்டோவின் நிஜோ கோட்டைத் தோட்டத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் சைகஸ் மரங்களுக்கு வைக்கோல் பாய் சுற்றுகிறார்கள். அதேபோல இலைகளை மெதுவாக மேலே சேர்த்துக் கட்டி, தண்டையும் உச்சியையும் வைக்கோலால் சுற்றிவிடலாம்.

காலையில் வெயில் வந்ததும் கூடாரத்தைத் திறந்துவிடுங்கள். மண் திரும்பவும் சூடு வாங்க வேண்டுமே.

இவ்வளவு செய்தும் இலை கருகினால் உடனே வெட்டாதீர்கள். கருகிய இலையும் உச்சிக்கு ஒரு போர்வைதான். பங்குனி வரை விட்டுவிட்டு, அப்புறம் உச்சியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் அழுகல். கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்து, காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தூவி, ஈரம் படாமல் வையுங்கள். வெட்டிய இலைகளை மாட்டுக்குப் போடவே வேண்டாம், சைகஸ் விஷம். விதைகள் இன்னும் மோசம், நாய் தின்றால் உயிரே போகலாம்.

பின்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர், மார்கழி மழையில் சாக்கு நனைந்து பாரம் தாங்காமல் கூடாரமே செடிமேல் சரிந்ததாக எழுதியிருந்தார். நான் யோசிக்காத விஷயம். மழை வரும்போல இருந்தால், சாக்குக்கு மேலே மட்டும் பாலிதீன் ஷீட் போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். குச்சிகளும் கட்டை விரல் கனத்துக்குக் குறையக்கூடாது.

இன்னொருவர் தை மாதத்தில் குருத்து வந்துவிட்டதே, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். தொட்டிச் செடி என்றால், குருத்து விரிந்து கெட்டிப்படும் வரை ராத்திரியில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். பகலில் வெயில் அவசியம், இல்லாவிட்டால் இலை நீண்டு சோகையாகிவிடும். தரையில் நட்ட செடி என்றால், வானம் எப்படி இருந்தாலும் தினமும் கூடாரம் போடுங்கள்.