அஞ்சும் நாய் மனிதரை நம்பத் தொடங்குமுன் நாம் செய்துவிடும் தவறுகள்

மீட்பு இல்லத்திலிருந்தோ வீதியிலிருந்தோ வந்த ஒரு நாய், புதிய வீட்டில் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, உணவைத் தொடாமல், காலடி ஓசை கேட்டாலே நடுங்கிக்கொண்டிருந்தால், ‘யாரோ இதை ஈவிரக்கமில்லாமல் அடித்திருக்கிறார்கள்’ என்றே வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நாய்க்குட்டி மனிதரோடு எளிதில் பழகிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3ஆம் வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வாரங்களில் மனிதரின் கையையும் குரலையும் அறியாமல் வளர்ந்த நாய், எவரிடமும் ஓர் அடிகூட வாங்காமலேயே மனிதரைக் கண்டு ஒடுங்கும் நாயாகிவிடக்கூடும். பிறவியிலேயே வரும் பயந்த சுபாவமும் இதில் சேரும். எனவே, தெரியாத கடந்த காலத்துக்கு ஒரு கதை கட்டி, அந்தக் கதையின் மீது இரக்கப்பட்டு, ‘அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று இறங்குவதே பிற தவறுகள் பலவற்றுக்கும் வாசலாக அமைகிறது. கதை தெரியாததால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. இன்று அது எதைக் கண்டு அஞ்சுகிறது, எத்தனை அடி தூரத்தில் அஞ்சத் தொடங்குகிறது, அஞ்சும்போது அதன் உடல் எப்படி மாறுகிறது என்பவை தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இவற்றுள் தூரமே முதன்மையானது. அஞ்சும் விலங்கு தன்னைக் காத்துக்கொள்ள முதலில் தேடும் வழி விலகிப் போவது. விலகிப் போக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அது நெருங்கி வரவே துணியும். அன்பின் பெயரால் செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றை உற்று நோக்கினால், அவை ஏதோ ஒரு விதத்தில் இந்த விலகும் உரிமையைப் பறிப்பதைக் காணலாம்.

வந்த அன்றே இது தொடங்கிவிடுகிறது. குளிப்பாட்டுவது, எல்லா அறைகளையும் சுற்றிக் காட்டுவது, உறவினரையும் நண்பரையும் அழைத்து அறிமுகப்படுத்துவது, மாலையில் நெரிசலான தெருவில் நடத்திச் செல்வது என ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்கக்கூடியதாக இருந்தாலும், ஒன்றின் அதிர்ச்சி அடங்குமுன் அடுத்தது வந்து சேரும்போது, வேறொரு நாளில் பொருட்படுத்தியிராத கதவுச் சத்தத்துக்குக்கூட அந்த நாய் அலறி ஓடும், அல்லது கடிக்கும். மருத்துவத் தேவை இல்லாத எதையும் தள்ளிப்போடலாம். அழுக்கு நாய் இன்னும் சில நாட்கள் அழுக்காகவே இருப்பதால் குடி முழுகிப் போய்விடாது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் ‘3 நாள், 3 வாரம், 3 மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு: படபடப்பு சற்று அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது தன் வீடு என்று உணர 3 மாதம். தத்தெடுப்பவர்கள் பொறுமையிழக்காமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்ட இந்தத் தோராயக் கணக்கை அச்சம் மிகுந்த நாய்க்குக் காலக்கெடுவாக்கி, நாட்காட்டியைப் பார்த்து ஏமாற்றம் அடைவதில் பொருளில்லை. அத்தகைய நாய்க்கு ஓராண்டு கடப்பதும் உண்டு.

ஒளிந்திருக்கும் நாயை வெளியே இழுப்பதைப் போல நம்பிக்கையைக் கெடுக்கும் செயல் வேறில்லை. கட்டிலடியில் கையை நீட்டுவது, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பது, ‘பழகட்டும்’ என்று அந்த இடத்தையே அடைத்துவிடுவது ஆகிய மூன்றும், இந்த வீட்டில் பாதுகாப்பான மூலை எதுவும் இல்லை என்பதையே அதற்குக் கற்பிக்கின்றன. அது போய்ப் படுத்துக்கொள்ள, எவரும் குனிந்து எட்டிப் பார்க்காத, ஒருபோதும் பூட்டப்படாத ஓர் இடம் வேண்டும். அதற்காக வீட்டின் கடைக்கோடி அறையில் தனியே விட்டு, உணவு வைக்க மட்டும் போய் வருவதும் சரியன்று. மனிதரைக் காணாமலே இருக்கும் நாய் மனிதருக்குப் பழகுவதற்கு வழியேயில்லை. ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் பாதையிலிருந்து ஒதுங்கியும், அதே வேளையில் வீட்டார் உட்கார்ந்து பேசுவதையும் படிப்பதையும் பார்க்கும்படியும் அமைந்த மூலையே பொருத்தமானது.

நெருங்கும் முறையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் நம் உடல்மொழியைச் சார்ந்தவை. எதிரே நேராக நடந்து வருவது, கண்ணோடு கண் பார்ப்பது, மேலே கவிந்து தலையைத் தொடுவது ஆகியவை மனிதருக்கு நட்பின் அடையாளங்கள். அஞ்சும் நாய்க்கோ அவை அச்சுறுத்தல்கள். ‘மோந்து பார்க்கட்டும்’ என்று மூக்கினருகே கையை நீட்டும் வழக்கமும் இதில் அடங்கும், அது எத்தனை பேரால் நல்ல வழியாகச் சொல்லப்பட்டாலும். நாயின் மோப்பத் திறனுக்குக் கை அருகில் வர வேண்டிய தேவையே இல்லை. பக்கவாட்டில் திரும்பி, தரையில் அமர்ந்து, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, பேசாமல் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பவரை அது தன் விருப்பப்படி வந்து மோந்துவிட்டுப் போகும். அப்படி வரும்போது உடனே தடவிக்கொடுக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் கடினம். சில நாட்கள் வந்து போவது பழகிய பின், மார்பையோ தோளையோ 2, 3 விநாடிகள் மட்டும் தடவி, கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது இன்னும் நெருங்கினால் தொடரலாம். தலையைத் திருப்பினாலோ உடலை உதறிக்கொண்டாலோ அன்றைக்கு அது போதும் என்று பொருள்.

அசையாமல் இருப்பதை அமைதி என்று எண்ணுவது இதைவிட ஆபத்தான பிழை. அச்சத்தில் உறைந்துபோன நாயை ஐந்தாறு பேர் சூழ்ந்து தடவ, ‘எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்’ என்று மகிழ்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த நாயின் உதடுகள் இறுக மூடியிருக்கும். உணவு எதுவும் இல்லாதபோதே மூக்கை நக்கிக்கொள்ளும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். கண்ணின் வெண்மை பிறை போலத் தெரியும். காதுகள் பின்னோக்கி ஒட்டியிருக்கும், ஒரு முன்னங்கால் சற்றே தூக்கியிருக்கும். வால் ஆடுவதைக்கூட உடனே மகிழ்ச்சியாகக் கொள்ள முடியாது. தாழ்ந்த வாலின் நுனி மட்டும் விரைந்து ஆடினால் அது பெரும்பாலும் ‘என்னை ஒன்றும் செய்துவிடாதே’ என்ற வேண்டுகோள். அச்சப்படும் சூழலில் முழுமையாக அமிழ்த்தி வைத்தால் அச்சம் தானே கரைந்துவிடும் என்ற எண்ணத்தில் நாயைக் கூட்டத்தின் நடுவே கட்டிவைப்பவர்கள் இன்றும் உண்டு. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தப்பிக்க வழியே இல்லாத நிலையில் மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் தப்பிக்க வழி கிடைத்தபோதும் முயலாமல் அப்படியே கிடந்தன. இன்று எவரும் செய்ய விரும்பாத கொடிய சோதனை அது. அது காட்டிய உண்மை மட்டும் நாய் வளர்ப்போருக்கு இன்றும் வேண்டியது: போராட்டம் நின்றுவிட்டது என்பது அச்சம் நீங்கியதற்குச் சான்றாகாது.

உணவின் வழியாக நம்பிக்கை பெறலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மிகுதியான குழப்பம் நேர்வதும் இங்கேதான். முதல் குழப்பம் வரிசையைப் பற்றியது. ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் சோதனையில் நாய்கள் ஓசையைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்தது ஓசை முதலிலும் உணவு பிறகும் வந்ததால்தான். அஞ்சும் நாய்க்கும் அதே வரிசை தேவை: மனிதர் தென்படுகிறார், அதன் பின் உணவு வருகிறது, மனிதர் மறைகிறார், உணவும் நிற்கிறது. இந்த வரிசையைப் புரட்டி, முதலில் இறைச்சித் துண்டைக் காட்டி ஏமாற்றிப் பிறகு அந்நியரை அருகில் கொண்டுவந்தால், இறைச்சி வந்தாலே ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். பிறகு நல்ல உணவையும் சந்தேகத்தோடு பார்த்து ஒதுங்கும்.

இரண்டாவது குழப்பம், கையில் உணவை வைத்துக்கொண்டு ‘வா, வா’ என்று இழுப்பது. பசியால் அது கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, உணவைப் பற்றியதும் துள்ளி ஓடும். உணவு முடிந்த அந்தக் கணத்தில், தான் தாங்க முடியாத தூரத்தில் ஒரு மனிதர் நிற்பதை அது திடீரென்று உணர்கிறது. கடி நேர்வதும் இத்தகைய கணத்தில்தான். ஒருவர் தமக்கு முன்னால் போடாமல், நாயின் பின்பக்கமாக விழும்படி உணவைத் தூர எறிந்தால், அதை எடுக்க அது விலகிப் போகிறது. விலகுவதும் உண்பதும் ஒன்றாகவே நடக்கும்போது உடல் தளர்கிறது. அடுத்த துண்டுக்காக அது தானாகத் திரும்பி வருகிறது; அந்தத் திரும்பி வருதலில்தான் நம்பிக்கை வளர்கிறது. உணவு தருவதை முதலில் வீட்டார் மட்டும் செய்ய வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லார் கையிலும் தின்பண்டத்தைக் கொடுத்து ஊட்டச் சொல்வது, நாயை ஒவ்வோர் அந்நியரிடமும் வலியப் போகவைப்பதாகும்.

மூன்றாவதாக, கையால் தந்தால்தான் உணவு என்று பட்டினி போடும் முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இதை ஏற்க முடியாது. பசியையும் அச்சத்தையும் மோதவிட்டுப் பெறும் நெருக்கம் நெருக்கமே அன்று. அன்றாட உணவு கிண்ணத்தில் நிபந்தனையின்றிக் கிடைக்க வேண்டும். பழக்குவதற்கு அதைவிடச் சுவையான, சிறிய துண்டுகள் போதும். விருப்பமான துண்டைக்கூட அது தொடவில்லை என்றால் பெரும்பாலும் உணவில் குறையிருக்காது. நாம் மிக நெருங்கி நிற்கிறோம், அவ்வளவுதான். பின்வாங்கி, அது மீண்டும் உண்ணும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உறுமலைத் தண்டிப்பது வேறு வகைத் தவறு. உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்காக நாய் சொல்லும் சொல். அதட்டியோ அடித்தோ அதை நிறுத்தினால் அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் காணாமல் போகிறது. முன்னறிவிப்பின்றிக் கடித்ததாகச் சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி அடக்கப்பட்ட உறுமல் ஒன்று இருக்கும். ‘தலைவன் யார் என்று காட்ட வேண்டும்’ என்ற அறிவுரை இன்னும் உலவுவதற்குக் காரணம், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் அடைப்பிடத்தில் வைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியவை பின்னாளில் நாய்களுக்கும் பொருத்தப்பட்டதே ஆகும். அந்தக் கருத்து பரவக் காரணமாக இருந்தவர்களுள் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும், எல்லா நாய்களுக்கும் பரிசு அடிப்படையிலான பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது. அஞ்சும் நாயைக் கவிழ்த்துப் போட்டு அழுத்திப் பிடிப்பவர், அது மனிதரைப் பற்றி ஏற்கெனவே கொண்டிருந்த எண்ணத்தை மெய்ப்பிக்கிறார்.

இதற்கு நேர்மாறாக, ஆறுதல் சொன்னால் அச்சம் வளர்ந்துவிடும் என்று அஞ்சி, நடுங்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களும் உண்டு. அச்சம் ஓர் உணர்ச்சி. உட்காரக் கற்றுக்கொள்வது போன்ற செயல் அன்று. அது பரிசு கிடைப்பதால் பெருகுவதில்லை. இடி இடிக்கும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் நாயை மெல்லிய குரலில் தேற்றுவதில் எந்தக் கேடும் இல்லை. அது வராதபோது நாம் தேடிப்போய் அணைப்பதே கேடு.

தப்பியோடுதலைப் பற்றிப் பலர் அது நடந்த பிறகே நினைக்கிறார்கள். திகிலடைந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையைச் சுருக்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்று வந்துவிடும். ஆகவே மார்பைச் சுற்றி உடலோடு நன்கு பொருந்தும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை ஒன்றும் கழுத்துப்பட்டை ஒன்றும் அணிவித்து, இரண்டிலும் தனித்தனியே லீஷ் என்ற பிடிகயிறு பூட்டி வெளியே கொண்டுசெல்வதே நல்லது. வாசற்கதவைத் திறக்குமுன் உள்கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதை வீட்டார் அனைவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அடையாளத் தகடும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் முதல் வாரத்திலேயே இருக்கட்டும். ஓடிவிட்டால் பெயரைக் கூவிக்கொண்டு துரத்தக் கூடாது. துரத்தப்படும் நாய் இன்னும் தொலைவுக்கு ஓடும், சாலையைக் கடக்கும். எதிர்த்திசையில் மெல்ல நடந்து, தரையில் அமர்ந்து உணவை இறைப்பது பல வேளைகளில் பலன் தந்திருக்கிறது.

நோயைக் கவனிக்காமல் விடுவதும் அடிக்கடி நேர்கிறது. பல்வலி, மூட்டுவலி, செவிக்குள் தொற்று, மங்கும் பார்வை ஆகியவை உள்ள நாய் தொடுவதை அஞ்சுவதற்குப் பழங்கதை எதுவும் தேவையில்லை. பல வாரங்கள் ஆகியும் உண்பதும் உறங்குவதும் சீராகவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் மருந்தைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது. ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும். அவை நாயை மயக்கிவைப்பதற்காகத் தரப்படுபவை அல்ல. அது கற்றுக்கொள்ளும் அளவுக்கு அச்சத்தைத் தணிப்பதே நோக்கம். வெறும் மயக்க மருந்தோ உடலை மட்டும் அசையவிடாமல் செய்துவிட்டு, உள்ளே அச்சத்தை அப்படியே விட்டுவைக்கக்கூடும்.

வீட்டில் ஒருவரை நம்பத் தொடங்கியதும் எல்லாரையும் நம்பிவிட்டதாக எண்ணுவது இறுதிக் கட்டத்தில் வரும் தவறு. அமர்ந்திருக்கும் பெண்ணை நம்பும் நாய், அதே பெண் குடையோடு எழுந்து நின்றால் குரைக்கலாம். தாடி, தொப்பி, ஓடும் குழந்தை, உரத்த குரல் என ஒவ்வொன்றையும் அது தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. பழகி மறைந்ததாகத் தோன்றிய அச்சம் புதிய இடத்தில் மீண்டும் தலைகாட்டுவதும் இயல்பே. அப்போது பழைய தூரத்துக்குத் திரும்பிவிட்டு மீண்டும் தொடங்கினால், முதல் முறையைவிட விரைவாகவே தேறும். விருந்தினர் வரும் நாளில் அதைத் தனியறையில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து விட்டுவைப்பதைச் சிலர் தோல்வியாகக் கருதுகிறார்கள். விருந்தினர் அமர்ந்து பேச்சு அடங்கிய பின் அறைக்கதவைத் திறந்து வைத்து, வருவதா வேண்டாமா என்பதை அதன் போக்குக்கே விட்டுவிடலாம். வராவிட்டால் அதை அழைக்கவும் வேண்டாம், விருந்தினரை அங்கே அனுப்பவும் வேண்டாம்.