கோதிக்கும் மேஜிக்கல் ரியலிசமும்: எஸ்ஸேல பசங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

அமெரிக்காவுல நிறைய ஹைஸ்கூல் இங்லீஷ் கிளாஸ்ல கோதிக்கும் (இருட்டும் பயமும் நிறைஞ்ச கதை வகை) மேஜிக்கல் ரியலிசமும் (அதிசயத்தை அன்றாட விஷயம் மாதிரி சொல்ற கதை வகை) ஜோடியாத்தான் வரும், கோதிக்குக்கு எட்கர் ஆலன் போ கதை ஒன்னு, மேஜிக்கல் ரியலிசத்துக்குக் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ் கதை ஒன்னு படிக்கச் சொல்லிட்டு கடைசியில ஒப்பிட்டு எஸ்ஸே எழுதச் சொல்லுவாங்க. அப்படி எழுதற பசங்களோட டிராஃப்ட்டெல்லாம் எடுத்துப் பாத்தா முதல் தப்பு எப்பவும் ஒன்னுதான்: நிஜத்துல நடக்காதது ஏதாவது வந்தா அடிக்கோடு போட்டுட்டு, பயமா இருந்தா கோதிக், அழகா இருந்தா மேஜிக்கல் ரியலிசம்னு முடிச்சிடறாங்க.

அதிசயத்த விடுங்க, அதுக்குப் பக்கத்துல நிக்கற ஆளு என்ன பண்றான்னு பாருங்க. கோதிக்ல முதல் நாவல்னு எல்லாரும் சொல்றது 1764ல ஹொரேஸ் வால்போல் எழுதின 'த காசில் ஆஃப் ஒட்ரான்டோ', அதுல கல்யாணத்தன்னிக்கு ஒரு ராட்சச தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகறான், பாத்துட்டு வர்ற வேலைக்காரன் வாயில நுரை தள்ள ஓடி வந்து பேச்சே வராம முற்றத்தைக் கை காட்றான். இப்ப மார்க்வெஸோட 'பெரிய றெக்கை வெச்ச கிழவர்' கதைக்கு வாங்க. மழையில நனைஞ்ச முற்றத்துல சேத்துல றெக்கையோட ஒருத்தர் விழுந்து கிடக்கார், பெலாயோவும் அவன் பொண்டாட்டி எலிசெண்டாவும் முதல்ல மிரளத்தான் செய்றாங்க, ஆனா உத்துப் பாக்கப் பாக்கப் பழகிடுது. அப்புறம் அவரைக் கோழிக்கூண்டுல அடைச்சு, பாக்க வர்றவங்ககிட்ட தலைக்கு அஞ்சு சென்ட் வசூல் பண்றாங்க! டாக்டர் வந்து பரிசோதிச்சுப் பாத்துட்டு, இந்த றெக்கை இவ்ளோ இயல்பா இருக்கே, மத்த மனுஷங்களுக்கு ஏன் இல்லன்னுதான் யோசிக்கறார். என்னைக் கேட்டா அந்த ஒரு வரியை வெச்சே ரெண்டு பக்கம் எழுதலாம், ஆனா பெரும்பாலானவங்க அதைத் தாண்டிப் போயிடறாங்க, தேவதைன்னா மதம், கூண்டுன்னா அடிமைத்தனம்னு சமன்பாடு போடற அவசரம்.

அடுத்து, கோதிக்னா கோட்டை, பேய், இடி மின்னல்னு லிஸ்ட் போட்டு டிக் அடிக்கறது. போ 1843ல எழுதின 'த டெல்-டேல் ஹார்ட்'ல கோட்டையும் கிடையாது பேயும் கிடையாது, ஒரு சாதாரண வீடு, ஒரு கிழவர், அவரைக் கொன்னவனே வந்து எனக்குப் பைத்தியம் இல்லன்னு நம்மகிட்ட சாதிக்கறான், அவ்ளோதான். தரைப்பலகைக்கு அடியில இதயம் துடிக்கற சத்தம் அவனுக்குக் கேக்குது, எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கற மூணு போலீஸ்காரங்க கண்டுக்கவே இல்ல. இதைப் போய் 'பேய் இதயம்'னு எழுதினா கதையே கையை விட்டுப் போச்சு. போவோட 'த ஃபால் ஆஃப் த ஹவுஸ் ஆஃப் அஷர்' கதையிலயும் அப்படித்தான், இருட்டு, மேகம்னு பட்டியல் போடறதை விட, வந்து சேந்ததுமே கதை சொல்றவன் கண்ணுல படற விரிசல் ஒன்னு இருக்கே, கூரையிலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு கீழ குட்டைத் தண்ணி வரைக்கும், உத்துப் பாத்தாதான் தெரியும், கடைசியில வீடு பிளக்கறது அந்த விரிசல் வழியாத்தான், அதைப் பிடிச்சு எழுதுங்க.

எனக்கு ரொம்ப மனசு வலிக்கற தப்பு, வரலாறை விட்டுடறது. மேஜிக்கல் ரியலிசத்தை ஃபேன்டசின்னு நினைச்சுப் படிக்கறதால வர்றது இது. மார்க்வெஸோட நாவல் 'நூறாண்டு தனிமை'ல வாழைத்தோட்டத் தொழிலாளிங்களை ராணுவம் சுட்டுக் கொல்லுது, பிணமா நிறைஞ்ச ரயில்ல ஒருத்தன் கண் முழிச்சுத் தப்பிச்சு ஊருக்கு வந்து மூவாயிரம் பேர்னு சொல்றான், அப்படி ஒன்னு நடக்கவே இல்லன்னுடறாங்க ஊர்க்காரங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம் பதினோரு மாசம் ரெண்டு நாள் மழை. பசங்க மழையோட சேத்து துப்பாக்கிச் சூட்டையும் கற்பனைன்னு எழுதிடறாங்க, ஆனா 1928 டிசம்பர்ல கொலம்பியாவுல சியேனகா ஊர்ல யுனைடெட் ஃப்ரூட்ங்கற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியோட தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ ராணுவம் நிஜமாவே சுட்டுது, எத்தனை பேர் செத்தாங்கங்கறது இன்னிக்கு வரைக்கும் சர்ச்சைதான். படுக்கை விரிப்போட ஒரு பொண்ணு வானத்துக்குப் பறந்து போறதை அந்த ஊர்ல பெரும்பாலானவங்க நம்பறாங்க, கண்ணெதிர்ல நடந்த கொலையை நம்ப மாட்டேங்கறாங்க, நாவலோட கோபம் மொத்தமும் இங்கதான் இருக்கு. இதைச் சொல்லாம மேஜிக்கை மட்டும் ரசிச்சு எழுதறது செத்தவங்களுக்குப் பண்ற அநியாயம்.

இன்னொன்னு, ஒரு புத்தகம் ரெண்டுல ஒரு டப்பாவுலதான் இருக்கணும்னு நினைக்கறது. டோனி மாரிசனோட 'பிலவ்ட்' (1987), தன் குழந்தை திரும்ப அடிமையாகக் கூடாதுன்னு 1856ல அதைக் கொன்ன மார்கரெட் கார்னர்ங்கற அடிமைப் பொண்ணோட நிஜ சம்பவத்துலேர்ந்து பிறந்தது. நாவல்ல சேத்திங்கற அம்மாவோட 124ம் நம்பர் வீட்டுல அவ கொன்ன குழந்தையோட ஆவி இருக்கு, பொறுக்க முடியாம அவளோட ரெண்டு பையன்களும் ஓடிப் போறாங்க, அது கோதிக். வேற வீட்டுக்குப் போயிடலாமான்னு சேத்தி கேக்கறப்போ மாமியார் பேபி சக்ஸ், செத்துப் போன கறுப்பர்களோட துக்கம் நிறைஞ்சு கிடக்காத வீடு இந்த நாட்டுல எதுன்னு திருப்பிக் கேக்கறா, அவளுக்கு ஆவி அதிசயமே இல்ல, அது மேஜிக்கல் ரியலிசம். ரெண்டும் நாவலோட முதல் சில பக்கத்துக்குள்ளயே இருக்கு. அதனால எஸ்ஸேல 'இது கோதிக்கா, மேஜிக்கல் ரியலிசமா'ன்னு கேள்வி வந்தா ஒன்னைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீங்க, எந்த இடத்துல யாருக்கு எதுன்னு வரியைக் காட்டி எழுதுங்க.