ஒலோயின் பயறு: வண்டு விழாமல் காப்பதும் சமைப்பதும்

நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் யொரூபா மக்கள் விரும்பி உண்ணும் ஒலோயின், நம் காராமணியின் இனத்தைச் சேர்ந்த பழுப்பு நிறப் பயறாகும். யொரூபா மொழியில் ‘ஓயின்’ என்றால் தேன். பெயருக்கேற்ப, வெந்த பயற்றில் மெல்லிய இனிப்பு உண்டு.

சேமிப்பை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயறு வண்டு வயலிலேயே முட்டையிட்டு விடுவதால், பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் பயறும் சில வாரங்களில் துளை விழுந்து மாவாக உதிரக்கூடும்.

படி 1: துளையுள்ள பயற்றையும் கல்லையும் பொறுக்கி நீக்கிவிட்டு, மீதியை வெயிலில் நன்றாகக் காயவைத்து ஆறவிடுங்கள்.

படி 2: ஈரமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். உள்ளே எஞ்சிய ஆக்சிஜனை வண்டுகளே சுவாசித்துத் தீர்த்துவிடுவதால் அவை தின்பதை நிறுத்தி மடிகின்றன. அடிக்கடி திறந்தால் பயனில்லை. இதே தத்துவத்தில் அமைந்ததுதான், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் கேமரூனில் உருவாக்கத் தொடங்கிய ‘பிக்ஸ்’ மூன்றடுக்குப் பை. பயறு குறைந்த அளவே இருந்தால், ஒரு பையில் இட்டுக் கட்டி, ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் முழுவதும் தணியும்வரை பையைப் பிரிக்காமல் இருங்கள். இல்லையேல் பயற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

பூச்சிக்கொல்லியை மட்டும் கலக்கவே வேண்டாம். டைகுளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லியின் எச்சம் மிகுந்திருந்ததால்தான் 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியாவின் உலர்பயற்றுக்குத் தடை விதித்தது.

படி 3: இனிச் சமையல். ‘எவா ரிரோ’ என்னும் மசியல் குழம்புக்கு, 2 கப் பயற்றைக் கழுவி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்துவிடுங்கள்.

படி 4: புதுநீரும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து, மூடி, மிதமான தீயில் வேகவிடுங்கள். முக்கால் மணி நேரத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். பழைய பயறாயின் கூடுதல் நேரம் பிடிக்கும்.

படி 5: விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் உப்பும், அரைத்த சிவப்பு மிளகாய் விழுதும், உலர்ந்த இறால் தூளும், கால் கப் செம்பனை எண்ணெயும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். செம்பனை எண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றினால் நிறமும் மணமும் வராது.

பொரித்த பழுத்த வாழைக்காயான ‘டோடோ’வுடன் சூடாகப் பரிமாறுங்கள். மிஞ்சியது இரவுக்குள் இறுகிவிடும். மறுநாள் சிறிது வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.