ஆவாரைக்குத் தண்ணீர் வேண்டாம், உப்புத்தாள் வேண்டும்

எங்கள் கொங்குப் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் வேண்டும். ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்தில் இருந்த ஆவாரஞ்செடி எல்லாம் போய்விட்டது. காசு கொடுத்துக் கட்டு வாங்க மனசு வரவில்லை, நாமே மாடியில் வளர்க்கலாமே என்று இறங்கினேன். களைச்செடி மாதிரி வளர்வதுதானே என்று நினைத்ததுதான் தப்பு.

விதை: பழுப்பாகக் காய்ந்த, குலுக்கினால் சத்தம் கேட்கும் நெற்றாகப் பறியுங்கள். பூவோடு இருக்கும்போதே செடியைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தகரை, நிலாவாரை என்று மஞ்சள் பூ பூக்கும் சொந்தக்காரர்கள் நிறைய. நிலாவாரை பேதிக்குக் கொடுப்பது. அதைப் பறித்து வந்து டீ போட்டால் அன்றைக்குக் கழிப்பறையும் நீங்களும்தான்.

இனி, என்னை இரண்டு மாதம் அலைய வைத்த இடம். முதலில் நாற்பது விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். கிளறிப் பார்த்தால் விதை போட்டபடியே கல் மாதிரி கிடக்கிறது. ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது, காட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து தோல் தேய்ந்த பிறகுதான் முளைக்கும். அந்தத் தேய்மானத்தை நாம் செய்துகொடுக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போடச் சொல்வார்கள். நான் அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டு விதையை வேகவைத்த ஆள். அடுப்பை அணைத்து, இறக்கி வைத்த தண்ணீரில் போட்டு அப்படியே ஆறவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் என் ஓட்டு உப்புத்தாளுக்குத்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சொரசொரப்பான தாளில், விதையின் கூர்முனையை விட்டுவிட்டு (முளை வருவது அங்கேதான்) மறுபக்கத்தை உள்ளே வெளிர் நிறம் தெரியும்வரை தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பதை நடுங்கள், உப்பாததை இன்னொரு முறை தேயுங்கள். எனக்கு ஐந்தாம் நாளே தலை காட்டியது.

பிற்சேர்க்கை: விரல் எரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நகவெட்டியால் ஓரத்தில் லேசாக ஒரு கிள்ளு போதும்.

மண்: செம்மண்ணோடு கொஞ்சம் மணல், ஒரு கை தொழுஉரம். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் செடி சுணங்கிவிடும். ஆழமான பையில் நேராகவே ஊன்றுங்கள். நன்றாக வேர் பிடித்ததும் மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். வெயில் முழுதாக விழ வேண்டும். நிழலில் வைத்த பை ஒன்று இலையாகவே நின்றது, பூ இல்லை. வெயிலில் வைத்தது அடுத்த பங்குனியில் பூத்தது, காப்புக் கட்டுக்கு இரண்டு மாதம் தாமதமாக!

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பாட்டி சொல்வார். அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ டீ குடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இலங்கையில் ‘ரணவரா’ என்று இதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள், தெலங்கானாவில் ‘தங்கேடு’ என்று மாநில மலர், அங்கே பதுகம்மா என்ற பூத் திருவிழாவுக்கு அடுக்கும் பூக்களில் இதற்கு முதல் மரியாதை. நம் சங்கப் பாட்டில் மடலேறும் காதலன் (காதலியைக் கேட்டுப் பனைமட்டைக் குதிரையில் ஊர் நடுவே வருபவன்) அந்தக் குதிரைக்கு ஆவிரை மாலைதான் போடுகிறான். பட்டையை வைத்துத் தோல் பதனிட்டதும் உண்டு. என் தாத்தா வெயிலுக்கு இலையைத் தலையில் பரப்பி மேலே துண்டைக் கட்டிக்கொள்வார். வீட்டில் நாங்கள் செய்வது ஒன்றுதான்: இதழை நிழலில் உலர்த்திப் பச்சைப்பயறோடு அரைத்துக் குளிக்கிற பொடி. வெயிலில் உலர்த்தினால் நிறம் போய்விடும்.

இன்னொரு பிற்சேர்க்கை: பச்சைப்புழு இலையைத் தின்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். ஒன்றும் அடிக்காதீர்கள். அது பெரும்பாலும் வெளிர் நிற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு, ஆவாரையிலும் முட்டையிடும். என் செடியை மொட்டையாக்கிவிட்டுப் போனது, மூன்று வாரத்தில் திரும்பத் துளிர்த்துவிட்டது.