உப்புக் காற்றில் ஒரு டூல்ஸ் அலமாரி: முதன்முதலாகக் கருவி வாங்குபவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கிழக்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். இரண்டும் நடந்து போகிற தூரம்தான். வாடை அடித்தால் வடக்கேயிருந்து உப்பு வரும், கச்சான் அடித்தால் தென்மேற்கேயிருந்து வரும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் சொல்லும் டூல்ஸ் பட்டியலை அப்படியே பார்த்து வாங்கினால், நம் பக்கத்தில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது.

இது எனக்கு நடந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் நூற்றுச் சொச்சம் உருப்படி கொண்ட ஒரு பெட்டியை மொத்தமாக வாங்கினேன். ஐப்பசியில் வாங்கியது. மாசியில் திறந்தபோது பெட்டியின் கீல்கூட அசையவில்லை. நட்டுத் திருகும் சாக்கெட்டுகளின் மேல் பூசியிருந்த குரோம் செதில் செதிலாக நகத்தோடு வந்தது. அதில் அதுவரை நான் கையில் எடுத்தவை மொத்தம் ஒன்பது உருப்படிதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தேன். இன்று என் ஷெட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் வேலை செய்கின்றன. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கருவிக்கு முன் இடம்

பெரும்பாலும் வண்டி நிறுத்தும் தகர ஷெட்டில்தான் எல்லோரும் கருவிகளை வைக்கிறோம். தகரம் பகலில் கொதிக்கும், விடியற்காலையில் உள்பக்கம் வியர்க்கும். அந்த வியர்வைதான் இரும்புக்கு எமன். சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள், மழை இல்லாத நாளிலும் கசிந்து நிற்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஸ்பேனர் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் கடல் உப்பும் அதையேதான் செய்கிறது. சொட்டுத் தண்ணீர் படாமலே துரு பிடிப்பது இதனால்தான்.

ஆகவே ஷெட்டில் திறந்த ஆணிப்பலகையில் வரிசையாகத் தொங்கவிடும் அழகு நமக்கு வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டி, கடலைப் பார்க்காத பக்கமாக, கதவு உள்ள ஒரு மர அலமாரி போதும். மாடிப்படிக்குக் கீழே இடம் இருந்தால் இன்னும் நல்லது. தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோ வேண்டாம், அதற்கும் சேர்த்துத் துரு எடுக்க வேண்டிவரும்.

இரண்டாவது படி: ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், ஒரு மாதம் வீட்டில் என்ன என்ன வேலை வந்தது என்று எழுதிவையுங்கள். குழாய் ஒழுகியது, கொடிக்கம்பி கட்டியது, மோட்டார் காப்பாசிட்டர் மாற்றியது, சைக்கிள் செயின் கழன்றது. எந்த வேலை இரண்டு தடவை வந்ததோ அதற்குக் கருவி வாங்குங்கள். ஒரே தடவை வந்ததற்கு அண்டை வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது படி: முதல் கைக்கருவிகள்

நோட்டில் எது இருந்தாலும் இவை எப்படியும் தேவைப்படும்: 500 கிராம் சுத்தியல் ஒன்று, எட்டு இஞ்ச் கட்டிங் பிளேயர், தட்டை முனையிலும் ஸ்டார் முனையிலும் தலா ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர், லைன் டெஸ்டர், பத்து இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர், டபுள் எண்ட் ஸ்பேனர் ஒரு செட், இரும்பு அறுக்கும் ஹேக்சா பிரேம், 5 மீட்டர் டேப், சின்ன ரசமட்டம். டாபரியா மாதிரி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற நம் நாட்டுத் தயாரிப்புகளிலேயே எடுத்தால் 5,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஸ்பேனரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். 6 மி.மீ. போல்ட்டின் தலை 10 மி.மீ. ஸ்பேனருக்கு வரும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 வரும், நம் ஊர்க் கடை போல்ட்டில் 10 மி.மீ.க்குப் பெரும்பாலும் 17 வரும். ஆனால் ஜப்பான் வழி வந்த பைக்குகளில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 ஸ்பேனர்தான் பிடிக்கும். அதனால் 10, 12, 13, 14, 17 ஆகிய ஐந்தும் உங்கள் செட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு மூன்று புது நட்டுகளை எடுத்துப் போங்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டி ஆட்டிப்பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம், சுற்றிக்கொண்டு நழுவக் கூடாது. அளவு இரும்பிலேயே பதிந்திருக்க வேண்டும், ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். குரோம் வெனடியம் என்று பொறித்திருந்தால் நல்லது, அது இரும்பின் கலவை, மேல் பூச்சு அல்ல. ஸ்க்ரூ ஸ்பேனரைப் பாதி திறந்து, அசையும் தாடையைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். கடகடவென்று ஆடுகிறதென்றால் அது நட்டின் முனைகளை மழுக்கிவிடும். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் வாய்க்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பியை அது வெட்டாது, கடித்துத்தான் வைக்கும்.

பளபளவென்ற குரோமும் மங்கிய கருப்புப் பூச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான் கருப்பையே எடுப்பேன். அந்தப் பாஸ்பேட் பூச்சு எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். குரோமில் ஒரு ஊசிமுனை அளவு கீறல் விழுந்தால் போதும், அதற்கடியில் துரு பரவி மேல் தோலையே தூக்கிவிடும்.

ஹேக்சா பிளேடு வாங்கும்போது இஞ்சுக்கு எத்தனை பல் என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய குழாய், தகடு என்றால் 24 பல், கனமான கம்பி என்றால் 18. பல் முன்னோக்கிப் பார்க்க மாட்டுங்கள்.

நான்காவது படி: மின்கருவிகள்

முதலில் டிரில்லிங் மிஷின். வேறு எதையும் முதலில் வாங்க வேண்டாம். 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள, துளைக்கும்போதே தட்டும் ஹேமர் வசதியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள மிஷின் வீட்டுக்குப் போதும். பிளாக் சுவரிலும் செங்கல் சுவரிலும் ஹேமரைப் போட்டு 6 மி.மீ. கான்கிரீட் பிட்டால் துளைத்து, ஸ்க்ரூ பிடிக்க 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் அடியுங்கள். லிண்டலிலும் மேல்தளத்திலும் இந்த மிஷின் திணறும். அங்கே ரோட்டரி ஹேமர் வேண்டும், அதை நாள்வாடகைக்கு எடுப்பதே சரி. நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர் பவளக்கல்லில் இருக்கும். அதில் ஹேமரைப் போட்டால் துளை உதிர்ந்து வாய் பிளந்துவிடும். ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் துளைத்து, நீளமான பிளக்காகப் போடுங்கள்.

இரண்டாவதாக நான்கு இஞ்ச் கிரைண்டர். துரு எடுக்க, கேட் கம்பி வெட்ட, டைல்ஸ் அறுக்க என்று ஆயிரம் வேலைக்கு ஆகும். ஆனால் வீட்டில் இருக்கிற கருவிகளில் இதற்குத்தான் நான் பயப்படுகிறேன், நீங்களும் பயப்பட வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். டிஸ்கில் அச்சடித்திருக்கும் சுற்று எண், மிஷினில் இருக்கும் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். டிஸ்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருந்தால் அதையும் பாருங்கள், பழைய டிஸ்க் ஓடும்போது உடைந்து சிதறும். டிஸ்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டை (கார்டு) கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டுவதும், மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவதும் கூடவே கூடாது. கைலி கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், பேண்ட் போடுங்கள், கண்ணாடி மாட்டுங்கள். பொறி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்: பைக்கின் பெட்ரோல் டேங்க் பக்கமோ, பக்கத்து வீட்டு ஓலை வேலிப் பக்கமோ போகக் கூடாது.

பேட்டரி மிஷின் வாங்குவதா என்று கேட்பீர்கள். 18 வோல்ட் என்று ஒரு கம்பெனியும் 20 வோல்ட் மேக்ஸ் என்று இன்னொரு கம்பெனியும் எழுதினாலும் இரண்டும் ஒரே அளவுதான். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் மாட்டாது என்பதால் ஒரே கம்பெனியோடு நில்லுங்கள். பேட்டரியைத் தகர ஷெட்டில் மட்டும் விடாதீர்கள். முழு சார்ஜோடு வெப்பத்தில் கிடந்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும்.

இன்னொன்று, ஷெட்டுக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கிற ஊர் இது. டிரில் வாங்கும் காசில் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாவது படி: வெளிநாட்டிலிருந்து வருபவை

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரை முழுக்க வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருக்கிறார். ஊர் திரும்பும்போது மச்சானுக்கு என்று ஒரு நல்ல மிஷினைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தது உருப்படியான சரக்கு, விடாதீர்கள். ஆனால் மாட்டுவதற்கு முன் மிஷினின் மேல் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 220, 230, 240 என்று இருந்தால் நம் ஊரில் ஓடும். 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் மாட்டிய உடனே புகைந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் கவலை வேண்டாம், கார்பன் பிரஷ் உள்ள டிரில்லும் கிரைண்டரும் அதைப் பொருட்படுத்தாது. சதுரக் கம்பி பிளக்குக்கு மலிவான அடாப்டர் போடுவதைவிட, பிளக்கையே நம் ஊர்ப் பிளக்காக மாற்றிவிடுங்கள்.

ஆறாவது படி: துடைப்பது

எங்கள் தெருவில் வல்லம் கட்டும் ஓடாவி அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடலிலிருந்து அறுபதடி தூரத்தில், கூரை மட்டும் உள்ள கொட்டகையில் வேலை செய்கிறார். அவருடைய வாச்சி, உளி, இழைப்புளி எதிலும் ஒரு புள்ளி துரு கிடையாது. ஒரு நாள் சாயந்திரம் வேலை முடிகிற நேரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். உளியை முதலில் உலர்ந்த துணியால் துடைத்தார். மர ஈரம் ஒட்டியிருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து மறுபடி துடைத்தார். அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்தார், உள்ளே எண்ணெயில் ஊறிய வேட்டித் துண்டு. அதை உளியின் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் இழுத்து, சாக்கில் சுருட்டி வைத்தார். ஒரு உளிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“தினமுமா அண்ணே?” என்று கேட்டேன்.

“தினமும்தான் தம்பி. ஒரு ராத்திரி விட்டா மறுநாள் அரை மணி நேரம் சாணை பிடிக்கணும்.”

அதே டப்பா இன்று என் அலமாரியிலும் இருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய் அல்லது புது இன்ஜின் ஆயில் எதுவானாலும் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டத்தான், மாதக்கணக்கில் காப்பாற்ற அதை நம்ப வேண்டாம். அதை அடித்துத் துடைத்த பிறகு மேலே எண்ணெய் தடவுங்கள்.

கடல் தண்ணீர் பட்ட கருவியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு செம்புத் தண்ணீர் போதும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை இன்னொரு கை சேர்த்துத் தடவியதுபோல் ஆகிவிடும். கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவுங்கள்.

டிரில், கிரைண்டரை மட்டும் மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் நீல நிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நீலம் ரோஸ் ஆனால் அது ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமைக்காத ஒரு பழைய சட்டியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலம் வரும். மாதம் ஒரு தடவை மிஷினை இரண்டு நிமிடம் சும்மா ஓட்டுங்கள்.

ஏற்கெனவே துரு பிடித்துவிட்டதா? குரோம் பூசாத கருவியென்றால் வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் கம்பிப் பிரஷால் தேய்த்து, ஆப்பசோடா கலந்த தண்ணீரில் அலசி, காயவைத்து, உடனே எண்ணெய். உடனே என்றால் உடனே. அரை மணி நேரம் விட்டால் மஞ்சள் பூத்துவிடும். குரோம் பூசியதை வினிகரில் போடாதீர்கள், மிச்சமிருக்கிற பூச்சும் உரியும்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். 1914 முதல் நின்ற பழைய பாலத்தை உப்பு என்ன செய்தது என்று பார்த்த பிறகு போட்டது அது. நம் ஸ்பேனருக்கு ஒரு எண்ணெய்த் துணி.

அடுத்தது எதை வாங்குவது

இவ்வளவையும் ஒரு வருடம் துருவில்லாமல் வைத்திருந்தீர்கள் என்றால் அலமாரியைப் பெரிதாக்கலாம். துடைக்க நேரமில்லாமல் போன மாதத்தில் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வரிசை என்று பார்த்தால் சாக்கெட் செட், பைப் ரெஞ்ச், மேசையில் பொருத்தி வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு இஞ்ச் பெஞ்ச் வைஸ். மூன்றில் ஒன்றுதான் என்றால் வைஸ். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்துக்கொண்டிருந்த வேலையெல்லாம் அன்றோடு மாறும். வார்ப்பிரும்பு வைஸை மேசையில் பொருத்த ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள், சாதாரண போல்ட் துருவேறி இறுகிவிட்டால் அப்புறம் கிரைண்டரால்தான் வெட்டி எடுக்க வேண்டும். திருகு மரையில் கிரீஸ் தடவி, வாயை முழுதாக மூடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு வையுங்கள்.